வருசைப்பட்டியில் தேனீ இல்லை

தன்ஷிகா கண்டுபிடித்த தேன்கூடு, பழைய பம்ப்செட் அறையின் பின்சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்துக்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் விளிம்பில் வழவழப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பெண் அவள். பூசணிப்பூவில் உட்கார்ந்திருந்த ஒரு கறுத்த தேனீயைப் பார்த்து, அது எழுந்து போன திசையில் வரப்பு வரப்பாக நடந்து, கடைசியில் சுவரில் காதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மிஸ், காத வச்சுப் பாருங்க. உள்ள மழை பெய்யிற மாதிரிக் கேக்குது."

தவமலர் டீச்சர் காதை வைத்தாள். உள்ளே ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. சுவர் லேசாகச் சூடாக இருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ராணி உள்ளதான் இருக்குமா மிஸ்?"

"ராணி இல்லாம இவ்வளவு அமைதியா இரைய மாட்டாங்க."

தன்ஷிகா பள்ளிக்கூட டேப்லெட்டை எடுத்துப் படம் பிடித்து, 'தேனீக் காவலர்' செயலியில் ஏற்றினாள். திரையில் நட்சத்திரங்கள் பறந்தன. இரண்டு நாளில் பொன்சிறகு நிறுவனத்தின் வெள்ளை வேன் வந்து கூட்டை எடுத்துப் போனது. மலையடிவாரத்தில் இருக்கும் சரணாலயத்தில் பத்திரமாக வைப்பார்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வருசைப்பட்டி இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தேனீ என்றாலே இப்போது பெட்டித் தேனீதான். பல வருடம் மருந்தடித்து மருந்தடித்து, பூசணியும் பாகலும் பூத்துப் பூத்து உதிர்ந்து, பிஞ்சு பிடிக்காமல் போன காலத்தில் பொன்சிறகு வந்தது. ஆய்வுக்கூடத்தில் மரபணுவைத் திருத்தி உருவாக்கிய வெளிர் மஞ்சள் தேனீக்கள். கொட்டாது. மருந்துக்குச் சாகாது. பூக்கும் பருவத்தில் பெட்டியை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்து மூலையில் வைத்துவிட்டால் போதும், வேலையை முடித்துவிடும். எஞ்சியிருக்கும் காட்டுத் தேனீக்களைக் காப்பாற்றுவதும் தங்கள் கடமை என்று நிறுவனம் சொன்னது. அதற்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடமும் டேப்லெட்டும் மஞ்சள் தொப்பியும் கொடுத்தது.

பாடத்தை நடத்தியது தவமலர்தான். இத்தனை வருட ஆசிரியர் வேலையில் பிள்ளைகள் இப்படி விழுந்து விழுந்து கேட்ட பாடம் வேறு இல்லை. தேனீ எட்டுப் போட்டு ஆடி மற்ற தேனீக்களுக்குத் திசை சொல்லும் என்று சொன்னபோது வகுப்பே எழுந்து ஆடியது. ஒரு பிள்ளை ஒளித்து வைத்த மிட்டாயை, ஆட்டத்தை மட்டும் பார்த்து இன்னொரு பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். ஆசிக் என்ற பையன் இடுப்பை ஆட்டிய ஆட்டத்தில் தலைமையாசிரியர் இருளப்பன் சார்கூடச் சிரித்துவிட்டார்.

கூடு கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசாக ஒரு பாட்டில் தேன் வரும். பாட்டிலில் அந்தப் பிள்ளையின் முகம் அச்சடித்திருக்கும். பம்ப்செட் கூட்டுக்காக வந்த பாட்டிலில் தன்ஷிகா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவளுக்குப் பாட்டில் போதவில்லை.

"மிஸ், ராணி நல்லாருக்கான்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம் மிஸ்."

நிறுவனத்தின் சார்பில் பள்ளிக்கு வரும் வாசனிடம் தவமலர் கேட்டாள். முப்பது வயது இருக்கும் அவனுக்கு. பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் 'வாசன் அண்ணன்'. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவனுக்குத் தெரியும்.

"வெளியாள் போனா தேனீ மிரண்டுரும் டீச்சர். பாப்பாட்ட நல்லாருக்குன்னு சொல்லுங்க."

தன்ஷிகா விடவில்லை. தினமும் கேட்டாள். ஒரு சனிக்கிழமை, சும்மா வாசலோடு பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தவமலர் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

சரணாலயம் என்ற பலகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை இருந்தது. மரம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் இருவர் தலையிலும் இருந்த மஞ்சள் தொப்பியைப் பார்த்ததும் காவலாளி, பயிற்சிக்கு வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

முதலில் வந்தது நாற்றம். புளித்த கஞ்சியில் செத்த எலி ஊறிக் கிடப்பதுபோல ஒரு நாற்றம், அதற்கு மேலே தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் தாங்க முடியாமல் இருந்தது. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

உள்ளே நீல டிரம்கள். முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஓர் ஆள் மண்வெட்டியால் எதையோ அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். ஈரமான தேயிலைத் தூள் குவியல்போல இருந்தது. கிட்டே போனபோதுதான் இறக்கைகள் தெரிந்தன. இன்னொரு பக்கம் பிழியும் இயந்திரம். தேனடைகளை அப்படியே முழுசாக உள்ளே தள்ளினார்கள். முதலில் பால்போல வெளுத்த ஒரு நீர் வடிந்தது, பிறகு அதனுடன் கலந்து தேன். வடிகட்டும் துணியில் வெள்ளைப் புழுக்கள் குவிந்து கிடந்தன. சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைக் கரண்டியால் வழித்துத் தரையில் உதறிவிட்டு, அதே கரண்டியால் தேனைக் கிளறினாள் ஒரு பெண். பக்கத்து மேசையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பிள்ளைகளின் சிரித்த முகம்.

"டீச்சர்!" வாசன் ஓடிவந்தான். அவன் முகத்தில் பதற்றம் எதுவும் இல்லை. "சொல்லிருந்தா வண்டி அனுப்பிருப்பேனே. பஸ்ஸுலயா வந்தீங்க? டீ சொல்லவா?"

"இது என்னப்பா?"

"ப்ராசஸிங் டீச்சர்."

"சரணாலயம்னு சொன்னீங்க."

"பேரு அது." அவன் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டான். "நீங்க சயின்ஸ் டீச்சர், உங்களுக்குச் சொன்னாப் புரியும். எங்க தேனீ வெறும் பூவ மட்டும் நம்பி உயிரோட இருக்காது. வாரா வாரம் எங்க தீனிக் கட்டிய பெட்டிக்குள்ள வைக்கணும். அப்படித்தான் அத உருவாக்கிருக்காங்க. ஆனா இந்த ஆண் தேனீ இருக்கே, அது பறந்து போயிக் காட்டு ராணியோட சேந்துருது. அதுக்குப் பொறக்குற கூட்டம் மருந்துக்கும் சாகாது, தீனியும் கேக்காது. தன்னால பொழச்சுக்கிரும். அப்படி நாலு கூட்டம் ஊருக்குள்ள பரவுச்சுன்னா எந்த விவசாயி எங்ககிட்டப் பெட்டி எடுப்பான்?"

"அதுக்காகக் கொல்லுவீங்களா?"

"அனுமதி வாங்கித்தான் டீச்சர் செய்யிறோம். பராமரிப்பு இல்லாத கூட்டம் நோய் பரப்பும்னு சட்டத்துலயே இருக்கு. ஒளிவுமறைவெல்லாம் இல்ல."

"பிள்ளைகள எதுக்கு இதுக்குள்ள இழுத்தீங்க?"

வாசன் அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ட்ரோன் விட்டுப் பாத்தோம். பொந்துக்குள்ள, பாறை இடுக்குக்குள்ள இருக்குறத அதுனால பாக்க முடியல. கூலிக்கு ஆள் போட்டா மரத்தடில படுத்துத் தூங்கிட்டு வந்துர்றாய்ங்க. பிள்ளைக அப்படியில்ல. ஆசையாத் தேடுதுக. அந்த ஆசைய உண்டாக்குனது நீங்கதான். நெசமாவே சொல்றேன், உங்கள மாதிரி ஒரு டீச்சர் வேற எந்த ஸ்கூல்லயும் எங்களுக்கு அமையல."

அவன் மனதாரப் பாராட்டினான். தவமலருக்கு யாரோ வழவழப்பான எதையோ தன் கன்னத்தில் தடவிவிட்டதுபோல இருந்தது. அவன் மிரட்டியிருந்தால், கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"என் கூடு எது?" என்று தன்ஷிகா கேட்டாள்.

வாசன் அவளுக்கு உதவத்தான் நினைத்தான். திரும்பி, பூட்ஸ் போட்ட ஆளிடம் விசாரித்தான். பிறகு குனிந்து, அவள் தோளில் கைவைத்துச் சொன்னான்.

"பம்ப்செட் கூடா? அது போன வாரமே அரைச்சாச்சே பாப்பா."

பஸ் நிறுத்தத்தில் தன்ஷிகா வாந்தி எடுத்தாள். தவமலர் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமே மிச்சமில்லாமல் வந்த பிறகும் அந்தப் பெண் விரலை விட்டுக் குமட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும்டா. போதும். விரல எடு."

"ரொட்டியில தொட்டுத் தின்னேன் மிஸ். தம்பிக்கும் குடுத்தேன். அவன் பாட்டில வழிச்சு நக்குனான்."

திங்கட்கிழமை காலை தவமலர் இருளப்பன் சாரின் அறைக்குப் போனாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"இந்தத் திட்டம் நமக்கு வேணாம் சார்."

"சரி, வேணாம். நாளைக்கே எழுதிக் குடுத்துர்றேன். பொம்பளப் பிள்ளைக கக்கூஸ அவங்கதான் கட்டுனது. கழுவுற அம்மாவுக்குச் சம்பளம் அவங்க. மோட்டார் அவங்களுது. மேலத்தெருப் பிள்ளைக வர்ற வேன் அவங்களுது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும். மறுபடி எட்டாவது வந்ததும் பொம்பளப் பிள்ளைக நின்னுரும். நீங்களே வீடு வீடாப் போயிக் கூட்டிட்டு வாங்க."

அந்தக் கழிப்பறைக்காக மனு எழுதி எழுதி அலைந்தவள் தவமலர்தான். அது அவருக்கும் தெரியும்.

"நான் கெட்டவன் இல்ல டீச்சர்," என்றார் அவர். "பூச்சிதான அது?"

அவள் வெளியே வந்து குழாயடியில் கைகழுவினாள். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். எதையும் தொடவில்லை அவள். ஆனாலும் விரலிடுக்கில் அந்தத் தித்திப்பு நாற்றம் இருந்தது. தான் தயாரித்த பாடப் படங்கள், தான் சொல்லிக் கொடுத்த ஆட்டம், பிள்ளைகள் பொந்து பொந்தாகக் குனிந்து பார்த்தபோது தான் பூரித்துப்போனது எல்லாம் அந்த வடிகட்டும் துணியில் வந்து விழுந்துகொண்டிருந்தன.

அவள் வகுப்புக்குள் நுழைவதற்குள் தன்ஷிகா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

"இவ பொய் சொல்றா மிஸ்," என்றான் ஆசிக். அவன் கண் சிவந்திருந்தது. வகுப்பிலேயே அதிகக் கூடு கண்டுபிடித்தவன் அவன். "பொய்தான மிஸ்?"

எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அப்போது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயில் ஒரு பொய் உருண்டது. அதை வெளியே விட அருவருப்பாக இருந்தது.

"நெசம்தான் ஆசிக்."

அவன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தலையைத் தூக்காமலே சொன்னான். "பாறைக்குழி ஓடையில ஒண்ணு இருக்கு மிஸ். இன்னும் ஏத்தல. இன்னைக்கு ஏத்தலாம்னு இருந்தேன்."

"ஏத்தாத," என்றாள் தன்ஷிகா.

"நான் எங்கடி ஏத்தப் போறேன்?"

"யாரும் ஏத்தக் கூடாது. கேட்டா, பாக்கலன்னு சொல்லணும். எல்லாரும்."

தவமலர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டேப்லெட் பாடம் தன்பாட்டுக்கு ஓடியது. பிள்ளைகள் சரியான பொத்தான்களை அமுக்கினார்கள். பாடம் முடிந்ததும் தவமலர் அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பூசணிப்பூ காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருண்டுவிடும். காலையில் மருந்தடித்தால் பூவில் இருக்கும் தேனீ வீடு போய்ச் சேராது, அதனால் சாயங்காலம் அடிக்கச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள் என்றாள். அகலமான தட்டில் தண்ணீர் வைத்து அதில் கூழாங்கல் போடச் சொன்னாள். இல்லையென்றால் தேனீ மூழ்கிவிடும். பட்டுப்போன மரத்தை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், வேலியோரத்துத் தும்பையைப் பிடுங்க வேண்டாம் என்றாள். கூட்டுக்கு நேர் எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில், அதன் வழியை மறிக்காதே. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். முன்புபோல யாரும் கத்தவில்லை, ஆடவில்லை. சிறுசுகள் திருட்டுக் கூட்டம் போல மெல்லப் பேசிக்கொண்டார்கள். அதைப் பார்க்கவும் அவளுக்குச் சகிக்கவில்லை.

மறு பூப் பருவத்தில் பாறைக்குழிக் கூட்டம் பிரிந்து, ஒரு பகுதி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. ஏழாம் வகுப்புக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் அறையின் மேல்சுவரில் குடியேறியது. இவை கறுப்பும் இல்லை, வெளிர் மஞ்சளும் இல்லை. நடுவாந்திரமான ஒரு செம்மண் நிறம். வாசன் பயந்த கலப்புக் கூட்டம் இதுதான் என்று தவமலருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் யாரும் போகாமல் காவல் இருந்தார்கள். பெட்டி வாடகைக்கு எடுக்க முடியாமல் போன ஆசிக்கின் அப்பா தோட்டத்தில் அந்த வருடம் பூசணி வஞ்சகமில்லாமல் காய்த்தது.

ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் வாசன் வகுப்புக்குள் வந்தான். இப்போது தன்ஷிகா எட்டாவது.

"என்னப்பா இது, இந்த ஸ்கூல்ல இருந்து ஒரு கூடுகூட வர மாட்டேங்குது? தேனீக் காவலரெல்லாம் தூங்குறீங்களா?"

வாசன் ஒரு பெஞ்சின் முன்னால் போய் நின்றான்.

"ஆசிக், நீ பாக்கலையா?"

"இல்லண்ணே."

அப்போது ஜன்னல் வழியாக ஒரு தேனீ உள்ளே வந்தது. செம்மண் நிறம். தண்ணீர் தேடி வந்திருக்க வேண்டும். இரண்டு சுற்றுச் சுற்றி, தன்ஷிகாவின் தண்ணீர் பாட்டில் மூடியில் போய் உட்கார்ந்தது. வாசன் அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ படித்துக்கொண்டிருந்தான். தவமலர் நாற்காலியிலிருந்து எழப் போனாள். தன்ஷிகா சாதாரணமாகக் கையை நீட்டி, மூடியோடு சேர்த்துத் தேனீயை உள்ளங்கைக்குள் அடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசன் திரும்பினான். "தன்ஷிகா? நம்ம ஸ்டார் நீயி. உன் கண்ணுல படாம இருக்குமா?"

"பாக்கவே இல்லண்ணே." அவள் உதடு ஒருமுறை துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "இங்கிட்டெல்லாம் இப்ப தேனீயே இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"பெட்டித் தேனீ மட்டும் வரும். அது மஞ்சளா இருக்கும்."

வாசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாள். பிறகு அவன் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான்.

தன்ஷிகா கையைத் திறந்தாள். உள்ளங்கை சிவந்து எழும்பியிருந்தது. கொடுக்கு சதைக்குள் தைத்து நின்றது. தேனீ வயிறு கிழிந்து, காலை ஒருமுறை நீட்டி மடக்கி அடங்கியது.

"நான் கொன்னுட்டேன் மிஸ்," என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

தவமலர் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது வாசன் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவளுக்காகத்தான் காத்திருந்தான்.

"பிள்ளைகள ஒண்ணும் திட்டாதீங்க டீச்சர்," என்றான். "உங்க ஸ்கூல் மட்டுமில்ல. எல்லா ஊர்லயும் இதே கததான். மொத வருசம் அள்ளிக் குடுக்குதுக. ரெண்டாம் வருசம் கேட்டா ஒரு ஸ்கூல் விடாம ஒண்ணுமே பாக்கலங்குதுக."

"எல்லா ஊர்லயுமா?"

"ஆமா. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது மாதிரியும் தெரியல. எப்படின்னு எங்க ஆபீஸ்லயும் புரியல."

முகம் தெரியாத ஊர்களில், முகம் தெரியாத வகுப்புகளில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சிரித்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்தாள்.

"பெருசானா அந்த ஆர்வம் வடிஞ்சு போயிருது போல," என்றான் வாசன். அவன் நம்பித்தான் சொன்னானா, தெரிந்தே சொன்னானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வேனின் பின்கதவைத் திறந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினான். "அதனால அடுத்த மாசத்துல இருந்து ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிக்கிறோம். அதுக எதையும் மறைக்காதுக பாருங்க. நீங்களே பாடம் எடுத்தா நல்லாருக்கும் டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தா அதுகளுக்கு ஆச வந்துரும்."

பெட்டிக்குள் மஞ்சள் தொப்பிகள் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல அவ்வளவு சின்னத் தொப்பிகள். தவமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெயில்னால டீச்சர், கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றான் வாசன் அக்கறையாக.

இருளப்பன் சார் தொப்பிகளை அன்றைக்கே ஒன்றாம் வகுப்பில் கொடுத்துவிடச் சொன்னார். அந்தச் செய்தி மதியத்துக்குள் பிள்ளைகளுக்கும் எட்டிவிட்டது. மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். உள்ளே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தன்ஷிகா, கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். வீங்கிய விரல்களைக் காட்டி விளையாட்டுப்போல ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தேனீ எங்கன இருக்கு?"

"தெரியாது!" எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

"கத்தாத. மெல்லச் சொல்லு. பாத்தியா நீ?"

"பாக்கல."

"அண்ணன் மிட்டாய் குடுத்தா?"

முன்வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண் யோசித்தாள். "மிட்டாய வாங்கிக்கிட்டு, பாக்கலன்னு சொல்லணும்."

"பாத்திருந்தாலும்?"

"பாத்திருந்தாலும்."

ஐந்து வயது. இன்னும் பால்பல் விழாத வாய். பொய் அதிலிருந்து அத்தனை சுத்தமாக வந்து விழுந்தது. தவமலர் வாசற்படியில் தொப்பிப் பெட்டியோடு நின்றாள். தடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பெட்டியைக் கீழே வைத்தாள். கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டு, யாராவது வருகிறார்களா என்று தாழ்வாரத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டாள்.